விடிவெள்ளி என்றால் என்ன? நட்சத்திரமே இல்லாத ‘நட்சத்திரம்’... கடையத்தில் நின்று பார்த்தால் புரியும் கதை!

‘ஏழைகளின் விடிவெள்ளியே!’, ‘எங்கள் தொகுதியின் விடிவெள்ளியே, வருக!’

தேர்தல் நேரம் வந்தால் சுவருக்குச் சுவர் இந்த வார்த்தைதான். பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், பாராட்டு விழா மேடை, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி என எங்கே பார்த்தாலும் ஒரு விடிவெள்ளி இருக்கும். போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது பழகிய சொல். ‘இந்திய மறுமலர்ச்சியின் விடிவெள்ளி யார்?’ என்று கேட்டால் ராஜாராம் மோகன்ராய் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

சரி, அந்த விடிவெள்ளியை வானத்தில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பலருக்குப் பதில் வராது. வார்த்தை நாக்கில் இருக்கிறது, பொருள் கண்ணில் இல்லை. அதனாலேயே இந்தச் சொல்லைப் பல இடங்களில் தப்பான அர்த்தத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். விடிவெள்ளி என்றால் உண்மையில் என்ன? அது நட்சத்திரமா, கோளா? ஏன் சில மாதம் தெரிகிறது, சில மாதம் காணாமல் போகிறது? யாரை விடிவெள்ளி என்று சொல்வது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

கடையத்தில் வானம் எப்படி?

தென்காசி – அம்பாசமுத்திரம் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கடையம். மேற்கே திரும்பினால் சுவர் எழுப்பினாற்போல மலை. கடனாநதியும் இராமநதியும் அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகின்றன. கிழக்கே வயலும் குளமுமாகத் திறந்துகிடக்கும் சமவெளி.

இந்த அமைப்பால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். மேற்கு வானில் தாழ்வாக இருக்கும் எதுவானாலும் அதே கதிதான், மலை மறைத்துவிடும். ஆனால் கிழக்கில் மறைக்க ஒன்றுமில்லை. அதிகாலையில் கீழ்வானத்திலிருந்து எழுந்து வரும் வெள்ளியை முழுசாகப் பார்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் அடிவார ஊர்களில் கதை தலைகீழ். அவர்களுக்குக் கிழக்கேதான் மலை.

தென்காசி, நெல்லை வட்டாரப் பேச்சில் ஓர் அழகான சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘நாளைக்கு வெள்ளன வந்துரு’ என்பார்கள். சீக்கிரமாக, அதிகாலையிலேயே வா என்று அர்த்தம். எழுத்தில் இது ‘வெள்ளென’. அதற்கும் முந்தைய இருட்டுக்குக் ‘கருக்கல்’ என்று பெயர். ‘கருக்கல்ல எந்திரிச்சுப் போயிட்டான்’ என்றால் இன்னும் வெளுக்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கருக்கலில் கருமை இருக்கிறது. வெள்ளனவில் வெண்மை இருக்கிறது. இந்தக் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் கிழக்கே தனியாக மின்னும் ஒன்றுதான் விடிவெள்ளி.

சொல்லைப் பிரித்தால் என்ன வரும்?

சிம்பிள். விடி + வெள்ளி.

‘விடி’ என்பது வினைச்சொல். விடிதல், விடியல், விடிவு எல்லாம் இதிலிருந்து வந்தவை. ‘வெள்ளி’க்கு அடிப்படை ‘வெள்’ என்ற வேர். வெள்ளை, வெண்மை, வெண்ணிலா, வெண்பொங்கல் எல்லாம் ஒரே குடும்பம். வெள்ளையாக ஒளிர்வது வெள்ளி. அந்த உலோகமும் வெள்ளி, அந்தக் கோளும் வெள்ளி, அதன் பெயரில் வரும் கிழமையும் வெள்ளி.

இலக்கணப்படி இதை வினைத்தொகை என்று கொள்ளலாம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி. வினைத்தொகையில் காலம் வெளியே தெரியாது. விடிந்த, விடிகிற, விடியும் என்ற மூன்றும் அந்த ‘விடி’க்குள்ளேயே ஒளிந்திருக்கும். விடியும் வேளையின் வெள்ளி என்பதுதான் பொருள்.

இதே கோள் சில மாதங்கள் மாலையில் மேற்கே தெரியும். அப்போது அதற்கு அந்தி வெள்ளி, மாலை வெள்ளி என்று பெயர். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழங்கால கிரேக்கர்கள் காலையில் தெரிவதை ஒரு பெயரிலும், மாலையில் தெரிவதை வேறொரு பெயரிலும் அழைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெளிவானது. ‘காலை நட்சத்திரம்’, ‘மாலை நட்சத்திரம்’ என்ற இரு சொற்களும் ஒரே பொருளைக் காட்டினாலும் நம் மனதில் ஒரே அர்த்தத்தைத் தருகின்றனவா என்று கேட்டு, ஜெர்மானிய தத்துவவாதி ஃப்ரேகே 1892-ல் ஒரு கட்டுரையே எழுதினார். மொழித் தத்துவம் படிப்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. காலையில் வந்தாலும் வெள்ளி, மாலையில் வந்தாலும் வெள்ளி. முன்னால் ஒட்டும் சொல் மட்டும்தான் மாறுகிறது.

‘சுக்கிரன்’ என்பது வடமொழிப் பெயர். அதற்கும் ஒளிமிக்கது, வெண்மையானது என்ற பொருள் உண்டு. ‘அவனுக்குச் சுக்கிர திசை அடிக்குது’ என்று பேச்சு வழக்கில் சொல்வது ஜோதிடத்தில் இருந்து வந்தது.

மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களிடம் ‘ஐந்து வெள்ளி கொடுங்க’ என்று கேட்டால் வேறு அர்த்தம். அங்கே வெள்ளி என்பது பணம். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்றே எழுதுகிறார்கள். இலங்கையில் ‘விடிவெள்ளி’ என்ற பெயரில் பத்திரிகை உண்டு. 1960-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படத்துக்கும் ‘விடிவெள்ளி’ என்பதே பெயர்.

சங்க காலத்தில் வெள்ளியைக் கண்டு ஏன் பயந்தார்கள்?

சங்க இலக்கியத்தில் வெள்ளிக்கு ‘வெண்மீன்’ என்றும் பெயர். மீன் என்றால் மின்னுவது. அப்போ கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாதா? தெரியும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் நட்சத்திரங்களை ‘நாள்மீன்’ என்றும், அவற்றுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவற்றைக் ‘கோள்மீன்’ என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். பட்டினப்பாலையில் இந்த இரண்டு சொற்களும் உண்டு.

அதே பட்டினப்பாலை தொடங்குவதே வெள்ளியில்தான். அந்த வெண்மீன் தன் திசை மாறித் தெற்கே போனாலும், மழை பொய்த்தாலும், காவிரி மட்டும் பொய்க்காது என்பது புலவர் சொல்ல வந்த விஷயம். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரும் இதே மாதிரிதான் பேசுகிறார். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலும் இதே நம்பிக்கை வருகிறது.

அதாவது, வெள்ளி தெற்கே சென்றால் மழை வராது என்ற பயம் அன்றைக்கு இருந்தது. மழையை நம்பி வாழ்ந்தவர்கள் வானத்தில் அறிகுறி தேடினார்கள்.

இது அறிவியல்படி சரியா? இல்லை. வெள்ளி தெற்கே போவதும் வடக்கே வருவதும் அதன் சுற்றுப்பாதைக் கணக்கு. நம் மழையைத் தீர்மானிப்பது கடலின் வெப்பமும் பருவக்காற்றும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையும்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல, பல மாதங்கள் விடாமல் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு உண்மையானது. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை.

ஒரே ஒரு வரியில் ஆண்டாளின் காலமா?

கடையத்திலிருந்து வடக்கே, அதே மலையோரமாகப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். ஆண்டாளின் ஊர். அவர் பாடிய திருப்பாவையின் 13-வது பாசுரத்தில் வெள்ளி வருகிறது. மார்கழி அதிகாலையில் தோழியை எழுப்புகிறார்கள். வெள்ளி கிழக்கே வந்தாயிற்று, வியாழன் மேற்கே இறங்கியாயிற்று, உனக்கு இன்னும் தூக்கமா என்ற தொனியில் போகிறது பாட்டு.

அந்தக் காலத்தில் சுவர்க்கடிகாரம் இல்லை. ‘மணி அஞ்சாச்சு’ என்று சொல்வதற்குப் பதில், வெள்ளியைக் காட்டி எழுப்பினார்கள்.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். மார்கழியில், முழுநிலவை ஒட்டிய நாட்களில், அதிகாலையில் கிழக்கே வெள்ளி தோன்றும்போது மேற்கே வியாழன் மறைவது எல்லா ஆண்டும் நடக்காது. அப்படியானால் எந்த ஆண்டில் நடந்தது என்று கணக்குப் போட்டால் ஆண்டாளின் காலத்தைப் பிடித்துவிடலாமே? அறிஞர் மு. இராகவையங்கார் இந்த வழியில் சென்று கி.பி. 731 என்ற ஆண்டைச் சொன்னார். வேறு ஆண்டுகளை முன்வைத்தவர்களும் உண்டு. இதே அமைப்பு பல நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் விவாதம் முடியவில்லை.

எப்படியோ, ஒரு பாட்டில் வந்த வெள்ளி வரலாற்று ஆய்வுக்கே சாட்சியாக நிற்கிறது.

நட்சத்திரமா, கோளா?

கோள். சந்தேகமே வேண்டாம். நட்சத்திரத்துக்குச் சொந்த ஒளி உண்டு. வெள்ளிக்கு இல்லை. சூரிய ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது.

பிறகு எப்படி அவ்வளவு பிரகாசம்? வெள்ளியைச் சுற்றி அடர்த்தியான மேகப்படலம் இருக்கிறது. தன் மீது விழும் சூரிய ஒளியில் சுமார் 75 சதவீதத்தை அது பிரதிபலித்துவிடுகிறது. பூமிக்கு மிக அருகே வரும் கோளும் அதுதான். அதனால் இரவு வானில் நிலாவுக்கு அடுத்தபடி பளிச்சென்று தெரிவது வெள்ளி.

பார்க்க எவ்வளவு குளிர்ச்சியோ, நேரில் அவ்வளவு கொடூரம். மேற்பரப்பு வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கும் அதிகம். மேகம் என்று சொன்னோமே, அது நீர் மேகம் அல்ல, கந்தக அமிலத் துளிகள்.

இந்தியாவும் அங்கே விண்கலம் அனுப்பத் தயாராகிறது. வெள்ளியைச் சுற்றிவந்து ஆராயும் இஸ்ரோ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவது இலக்கு. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரி மையம், கடையத்துக்குத் தெற்கே இதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

ஏன் நடுராத்திரியில் தெரிவதில்லை?

சூரியனைச் சுற்றும் வரிசையில் வெள்ளி இரண்டாவது, பூமி மூன்றாவது. அதாவது வெள்ளி நமக்கு உள்வட்டத்தில் ஓடுகிறது. கோயில் தேரோட்டத்தை வெளிவீதியில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர் கோபுரத்துக்கு இடப்பக்கம் தெரியும், வலப்பக்கம் தெரியும். ஆனால் கோபுரத்தை விட்டு ரொம்பத் தூரம் விலகி, உங்கள் முதுகுக்குப் பின்னால் போகாது. சூரியன்தான் கோபுரம், வெள்ளிதான் தேர்.

நம் பார்வையில் வெள்ளி சூரியனை விட்டு அதிகபட்சம் சுமார் 47 டிகிரிதான் விலகும். அதனால் சூரியன் உதிப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்போ, மறைந்த பிறகு சுமார் 3 மணி நேரம் வரையோதான் அதைப் பார்க்க முடியும். நள்ளிரவில் தலைக்கு மேலே பளபளவென்று எதையாவது பார்த்தால் அது வெள்ளி அல்ல. வியாழனாகவோ வேறு நட்சத்திரமாகவோ இருக்கும்.

அடையாளம் காண ஒரு ஈஸி வழி இருக்கிறது. நட்சத்திரம் கண்சிமிட்டும். வெள்ளி பெரும்பாலும் கண்சிமிட்டாமல் ஒரே சீராக ஒளிரும். பலர் விடிவெள்ளியைத் துருவ நட்சத்திரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். துருவ நட்சத்திரம் வடக்கே, ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். தென்காசிப் பக்கம் அது அடிவானத்தை ஒட்டி மிகத் தாழ்வாகத்தான் இருக்கும், மங்கலாகவும் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

காணாமல் போவது ஏன்?

வெள்ளியின் ஒரு முழுச் சுற்று நம் பார்வையில் சுமார் 584 நாட்கள். அதில்,

* சுமார் 260 நாட்கள் காலையில் தெரியும். இதுதான் விடிவெள்ளிக் காலம்.

* பிறகு சூரியனுக்குப் பின்பக்கம் போய்ச் சுமார் 50 நாட்கள் மறைந்திருக்கும்.

* அடுத்த சுமார் 260 நாட்கள் மாலையில் மேற்கே தெரியும்.

* கடைசியில் சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்து சுமார் 8 நாட்கள் மட்டும் மறையும். உடனே மறுபடி விடிவெள்ளி.

இன்னொரு வேடிக்கை. 584-ஐ 5 ஆல் பெருக்கினால் 2,920. அது ஏறக்குறைய 8 வருடம். எனவே இன்று வெள்ளி இருக்கும் இடத்திலேயே, ஓரிரு நாள் வித்தியாசத்தில், 8 வருடம் கழித்தும் இருக்கும். மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் இந்த 584 நாள் கணக்கைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் அட்டவணையாக எழுதி வைத்திருந்தார்கள்.

வெள்ளி எப்போதாவது சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்தும் போகும். 2004 ஜூன் 8-லும், 2012 ஜூன் 6-லும் இந்தியாவில் இருந்து அதைப் பார்த்தோம். அடுத்தது 2117 டிசம்பரில்தான். 1874-ல் இது நடந்தபோது, மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொதுமக்கள் பயப்படாமல் புரிந்துகொள்ளட்டும் என்று பல இந்திய மொழிகளில் விளக்கப் புத்தகம் வெளியிட்டார். இன்றைய ‘எக்ஸ்ப்ளெய்னர்’களுக்கு அவர் முன்னோடி.

பைபிளில் இரண்டு விடிவெள்ளி

தமிழ் பைபிளிலும் இந்தச் சொல் வருகிறது, அதுவும் நேரெதிரான இரண்டு இடங்களில். ஏசாயா 14-ம் அதிகாரத்தில் அகந்தையால் வானத்திலிருந்து விழுந்த ஒருவனைக் குறிக்க விடிவெள்ளி வருகிறது. லத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் நின்ற ‘லூசிஃபர்’ என்ற சொல்லுக்கு ஒளியைக் கொண்டுவருபவன் என்பதே பொருள். பின்னாளில் அது சாத்தானின் பெயராக மாறிவிட்டது. வெளிப்படுத்தின விசேஷம் 22-ம் அதிகாரத்திலோ இயேசு தன்னையே விடிவெள்ளி என்கிறார்.

ஒரே சொல், ஒரு பக்கம் வீழ்ச்சி, மறுபக்கம் நம்பிக்கை. காரணம் வானத்திலேயே இருக்கிறது. விடிவெள்ளி எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக எழும். ஆனால் சூரியன் வந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்போ யாரை விடிவெள்ளி எனலாம்?

இங்கேதான் முக்கியமான பாயின்ட்.

விடிவெள்ளி விடியலைக் கொண்டுவருவதில்லை. விடியப்போகிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். அது வரும்போது ஊர் இருட்டாகத்தான் இருக்கும். வெளிச்சம் வந்த பிறகு அதை யாரும் தேடுவதில்லை.

ஆகவே சாதித்து முடித்தவரை, பதவியில் அமர்ந்தவரை, வெற்றி பெற்றவரை விடிவெள்ளி என்பது பொருந்தாது. விடிவதற்கு முன், இருட்டில், தனியாக நின்றவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

வரலாற்றுப் பாடத்தில் ஜான் விக்ளிஃபை ‘சமயச் சீர்திருத்தத்தின் விடிவெள்ளி’ என்று படித்திருப்போம். அவர் இறந்தது 1384-ல். மார்ட்டின் லூதரால் சீர்திருத்தம் தொடங்கியது 1517-ல். இடையில் 133 ஆண்டுகள். விக்ளிஃப் அந்த விடியலைப் பார்க்கவே இல்லை. அதனாலேயே அவர் விடிவெள்ளி. ராஜாராம் மோகன்ராய்க்கும் அப்படித்தான். 1829-ல் உடன்கட்டை ஏறுதல் தடைசெய்யப்பட்டதைப் பார்த்தார், 1833-ல் மறைந்தார். பெண்கல்வி, விதவை மறுமணம் என்று பெரிய மாற்றங்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தன.

‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்பது வேறு. வளர்ந்துவரும் ஒரு விளையாட்டு வீரரை அப்படிச் சொல்லலாம். ‘விடிவு’ என்பதும் வேறு, அது பிரச்சினைக்குக் கிடைக்கும் தீர்வு. ‘எங்கள் கோரிக்கைக்கு விடிவு வருமா?’ என்பது சரி. ‘விடிவெள்ளி வருமா?’ என்றால் தீர்வுக்கான முதல் அறிகுறியாவது தெரியுமா என்றுதான் பொருள்.

கடையம் பார்த்த ஒரு விடிவெள்ளி

இந்த அர்த்தத்தில் பார்த்தால், கடையத்துக்கே சொந்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாரதியார்.

கடையம் அவருடைய மனைவி செல்லம்மாவின் ஊர். 1897-ல் திருமணம். பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்துவிட்டு, 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததும் கைதாகிறார். கடலூர் சிறையில் சில வாரங்கள். விடுதலையாகி டிசம்பரில் நேராக வந்தது கடையத்துக்கு. 1920 வரை இங்கேதான் வாழ்ந்தார்.

வசதியான நாட்கள் அல்ல அவை. உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குக் கவிதையிலேயே கடிதம் எழுதினார். 1920-ல் கடையத்திலிருந்தே ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது அந்தத் திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுவீடாகப் போவதைப்போலத் தன் புத்தகங்கள் போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. திட்டம் நடக்கவில்லை.

ஹாலி வால்மீன் வந்த 1910-ல் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று கவிதை எழுதியவர் அவர். புதிய ஆத்திசூடியில் வானியலும் படிக்கச் சொன்னவர். புதுச்சேரியில் அவரோடு தொடர்புடைய ஒரு பத்திரிகையின் பெயரே ‘சூர்யோதயம்’. சூரிய உதயத்தை அவ்வளவு நம்பியவருக்கு நாட்டின் உதயத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தபோது வயது 39-கூட நிறையவில்லை. சுதந்திரம் வர இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. அவருடைய படைப்புகளின் உரிமையை அரசு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கும் நடவடிக்கை 1949-ல்தான் வந்தது. கடையத்தில் போட்ட கணக்கு, அவர் இல்லாத காலத்தில் பலித்தது. இன்று தமிழ் படிக்கத் தெரிந்த வீட்டில் பாரதி புத்தகம் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

பேச்சுப்போட்டியில் ஒரு மாணவி ‘பாரதி ஒரு விடிவெள்ளி’ என்று சொன்னால், அது வெறும் அலங்காரம் இல்லை. சொல்லின் நேர்ப் பொருளிலேயே சரி.

எப்போது பார்க்கலாம்?

2026 ஜனவரி 6-ஐ ஒட்டி வெள்ளி சூரியனுக்குப் பின்னால் சென்றது. அதன் பிறகு அந்த ஆண்டில் பல மாதங்கள் மாலை வானத்தில்தான் அதற்கு வேலை. அடுத்த விடிவெள்ளிக் காலத்துக்கான கணக்கு இதோ:

* 2026 அக்டோபர் 24-ஐ ஒட்டி சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வந்து மறையும்.

* நவம்பர் தொடக்கத்தில் இருந்து அதிகாலையில் கிழக்கே தெரியத் தொடங்கும்.

* 2027 ஜனவரி 3-ஐ ஒட்டி சூரியனை விட்டு அதிகபட்சத் தூரம் விலகியிருக்கும். அந்த நாட்களில் சூரிய உதயத்துக்கு 3 மணி நேரம் முன்பே எழுந்துவிடும்.

* பிறகு மெல்லத் தாழ்ந்து, 2027 ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி சூரியனுக்குப் பின்னால் மறையும்.

இதில் ஒரு போனஸ் இருக்கிறது. 2026 – 27 மார்கழியில் அதிகாலை 5 மணிக்கு வெளியே வந்தால், கிழக்குப் பக்கம் வெள்ளி ஜொலிக்கும். வியாழன் உச்சியைத் தாண்டி மேற்குப் பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். 13-வது பாசுரத்தில் தோழிகள் காட்டிய காட்சிக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். வியாழன் முழுசாக மறைந்திருக்காது, இறங்கிக்கொண்டிருக்கும்.

டெலஸ்கோப் தேவையில்லை, செயலியும் தேவையில்லை. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஓர் இடம் போதும். வயல் வரப்பு, குளத்தங்கரை, மொட்டைமாடி எதுவானாலும் சரி. மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நம் கையில் இல்லை.

கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கீழ்வானம் சாம்பல் நிறமாகும், அப்புறம் சிவக்கும். மற்ற நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும். வெள்ளி மட்டும் கடைசி வரை நிற்கும். சூரியன் தலைகாட்டியதும் அதுவும் தெரியாமல் போகும். போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. வெளிச்சத்தில் நமக்குத்தான் தெரிவதில்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு சுவரில் ‘விடிவெள்ளியே வருக’ என்று பார்த்தால், ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள். அவர் இருட்டில் வந்தவரா, வெளிச்சம் வந்த பிறகு வந்தவரா?